கோப்பைக்குக் கண்ணாடி, பிள்ளையின் விமானத்துக்குத் தூசியா?



நோன்புக்கு முன் வீடு துப்புரவாக்கும் காலம் வந்துவிட்டது. ஒட்டறை அடிக்கிறோம், ஜன்னல் கழுவுகிறோம், அலுமாரியை இழுத்துப் பின்பக்கம் கூட்டுகிறோம். நல்லது. ஆனால் எங்கள் மாணவர்கள் மாதக்கணக்கில் இருந்து ஒட்டிப் பெயின்ட் அடித்த மாதிரிப் போர் விமானங்கள் உடைவதும் குப்பைக்குப் போவதும் இதே கிழமைகளில்தான். ஒவ்வொரு வருடமும் வகுப்பில் இதைக் கேட்கிறோம். "சேர், உம்மா தூசி தட்டக்குள்ள செட்டை கழண்டுட்டு." "சேர், வாப்பா எல்லாத்தையும் பேக்குல போட்டுக் கட்டிட்டார்." ஏன் என்று கேட்டால் ஒரே பதில்: "தூசி பிடிக்குதாம்."

தூசி பிடிக்காத பொருள் நமது வீட்டில் எது? ஹோலில் இருக்கும் ஷோகேஸைத் திறந்து பாருங்கள். கலியாணத்துக்கு வந்து, இன்றுவரை ஒரு சொட்டுத் தேநீர் ஊற்றாத டீ செட். உம்ராவுக்குப் போனவர்கள் கொண்டுவந்த கண்ணாடிச் சாமான். பிளாஸ்டிக் பூ. அவற்றுக்குக் கண்ணாடிக் கதவு, பூட்டு, சாவி எல்லாம் உண்டு. பிள்ளை தன் கையால் செய்ததற்கோ திறந்த தட்டு, அதுவும் ஜன்னலோரம், ஃபேனுக்குக் கீழே. பிறகு தூசி பிடிக்கிறது என்று பிள்ளையையே ஏசுகிறோம். இது நியாயமா?

இந்தப் பதிவில் நாம் கேட்பது ஒன்றுதான். ஷோகேஸில் ஒரு தட்டைக் காலியாக்கிப் பிள்ளைக்குக் கொடுங்கள். தூசியைத் துடைப்பதைப் பற்றிப் பிறகு பேசலாம், முதலில் அதை உள்ளே வரவிடாமல் செய்வோம்.

விளையாட்டுச் சாமானுக்கு இவ்வளவு பேச்சா என்று சிலர் கேட்பார்கள். கடையில் வாங்கி உருட்டி விளையாடும் பிளாஸ்டிக் பிளேன் வேறு, இது வேறு. 1/72 அளவு என்றால் அசலின் 72 சென்ரிமீற்றர் இங்கே 1 சென்ரிமீற்றர். அசல் ஹரிக்கேன் விமானத்தின் செட்டை நுனிக்கு நுனி 12 மீற்றருக்குச் சற்று அதிகம். பிள்ளையின் மேசையில் அது 17 சென்ரிமீற்றர். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும் பிள்ளைக்கு விகிதம் என்றால் என்ன என்று நாங்கள் கரும்பலகையில் மூன்று தரம் எழுதிக் காட்டத் தேவையில்லை. வரைபடம் வாசிக்கிறான், பொறுமை பழகுகிறான், ஒரு பகுதி காயும்வரை காத்திருக்கிறான். போனைத் தூக்காதே என்று நாளெல்லாம் கத்துகிறோம். போனைக் கீழே வைத்துவிட்டு அவன் செய்த ஒரே வேலையைத் தும்புத்தடியால் தட்டி விழுத்துகிறோம்.

அதோடு அந்த விமானங்களில் நமது கரையின் கதையும் இருக்கிறது. 1942 ஏப்ரல் 4ஆம் திகதி கொக்கலையிலிருந்து புறப்பட்ட ஒரு கற்றலினா விமானம், தெற்கே கடலில் ஜப்பானியக் கப்பற்படை வருவதைக் கண்டு, சுட்டு வீழ்த்தப்படுமுன் செய்தி அனுப்பியது. அதை ஓட்டியவர் கனடாவைச் சேர்ந்த லெனார்ட் பர்ச்சல். மறுநாள் கொழும்பில் குண்டு விழுந்தது. 9ஆம் திகதி திருகோணமலை தாக்கப்பட்டபோது சீனன்குடாவிலிருந்து ஹரிக்கேன்கள் எழுந்தன. அன்றே ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலும் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது, இன்றும் அது அடியில் கிடக்கிறது. நமது பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? கற்றலினாவை ஒட்டி முடித்த பிள்ளைக்குத் தெரியும். அதன் செட்டை ஏன் அவ்வளவு நீளம், வயிறு ஏன் படகு போல இருக்கிறது என்று தேடிப் படித்தவன் அவன்.

இனி, மிகக் கடினமான கேள்விக்கு வருவோம். "குண்டு போட்ட விமானத்தை வீட்டில் அழகுக்கு வைப்பதா? மக்கள் செத்ததை மறந்துவிட்டீர்களா?" இதைக் கேட்பவர்களை நாம் குறை சொல்ல மாட்டோம். கிபிர் என்ற பெயரைக் கேட்டாலே பதுங்குகுழி நினைவுக்கு வருபவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் வீட்டுக்கு வந்தால், அவருக்கு முன்னால் அதைக் காட்டிப் பெருமை பேசக் கூடாது என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியது நமது கடமை. ஆனால் குப்பைக்குள் போடுவதால் நடந்தது நடக்காததாகிவிடாது. விமானத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய அட்டை வைக்கச் சொல்லுங்கள்: பெயர், எந்த நாட்டில் செய்தது, எந்த வருடம், எங்கே என்ன செய்தது, அதனால் யார் பாதிக்கப்பட்டார்கள். அட்டை இல்லாமல் தூசியில் கிடந்தால் அது வெறும் பொம்மை, பிள்ளைக்கு அதில் சுடும் சத்தம் மட்டும்தான் தெரியும். துப்புரவாக, பெயரோடு வைத்திருந்தால் கேள்வி கேட்கத் தொடங்குவான். போரை விளையாட்டாக நினைக்கும் பிள்ளை வேண்டுமா, கேள்வி கேட்கும் பிள்ளை வேண்டுமா?

சிலர் "வீண் விரயம்" என்பார்கள். வாங்கி முடித்த பிறகு உடைய விடுவதுதான் விரயம். கட்டாரில் இருக்கும் மாமா லீவுக்கு வரும்போது கொண்டுவந்த பெட்டி அது. ஒரு சில்லுக் கால் முறிந்தால் நமது ஊர்க் கடையில் மாற்றுப் பாகம் கிடைக்காது.

இதில் உம்மாமாரைக் குற்றம் சொல்வதையும் நிறுத்துங்கள். வாங்கிக் கொடுத்துப் பேர் எடுப்பவர் வாப்பா, செய்து மகிழ்பவன் மகன், தூசி தட்டுவது மட்டும் உம்மாவின் தலையில். முப்பது விமானத்தைத் திறந்த தட்டில் வைத்துவிட்டு, ஊசி போன்ற குழாய் முறிந்ததும் "உம்மாதான் உடைச்சாங்க" என்றால், அந்தப் பேச்சை நாங்கள் வகுப்பில் ஏற்றுக்கொள்வதில்லை. சேர்ப்பவனே துப்புரவாக்க வேண்டும். அது முடியாவிட்டால் அடுத்த பெட்டி வாங்கக் கூடாது.

தூசி என்பது வெளியிலிருந்து வரும் மண் மட்டுமல்ல. உடுப்பிலிருந்து உதிரும் நூல், நமது தோலின் துகள், குசினிப் புகையின் எண்ணெய்ப் பசை, கரையோரமென்றால் காற்றில் வரும் உப்பு, எல்லாம் சேர்ந்தது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஜன்னலைத் திறந்தால் ஒரு நாளில் தட்டு மங்கிவிடும். புதுத் தூசி ஊதினால் போகும். எண்ணெய்ப் பசையும் ஈரமும் சேர்ந்து மாதக்கணக்கில் கிடந்தால் பெயின்டோடு ஒட்டிக்கொள்ளும். மினுக்கமில்லாத பெயின்ட் அடித்த விமானத்தில் இன்னும் மோசம், அதன் மேற்பரப்பு நுண்ணிய சொரசொரப்பானது. மனிதத் தலைமயிர் ஒன்று சுமார் 0.07 மில்லிமீற்றர் தடிப்பு. 1/72 விமானத்தின் மீது அது கிடந்தால், அசல் விமானத்தின் மேல் 5 மில்லிமீற்றர் கயிறு கிடப்பதற்குச் சமம். அதனால்தான் கொஞ்சத் தூசி பட்டாலும் அது விமானமாகத் தெரியாமல் பொம்மையாகத் தெரிகிறது.

நாம் செய்யும் பெரிய பிழை காய்ந்த துணி. பிளாஸ்டிக்கைக் காய்ந்த துணியால் தேய்த்தால் அதில் நிலைமின் ஏறும். சீப்பைத் தலையில் தேய்த்துக் கடதாசித் துண்டுகளை இழுக்கும் பரிசோதனையை எல்லோரும் பாடசாலையில் செய்திருக்கிறோம். அதே வேலைதான் இங்கும். தேய்க்கத் தேய்க்கத் தூசியைக் கூப்பிட்டு உட்கார வைக்கிறோம்.

ஆகவே பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் எங்கள் வேண்டுகோள் இது:

1. கண்ணாடிக் கதவுள்ள அலுமாரி. கதவு இடுக்கில் ஜன்னலுக்கு ஒட்டும் ஸ்பொன்ஜ் பட்டியை ஒட்டுங்கள். நேர் வெயில் படாத சுவர் பார்த்து வையுங்கள், வெயிலில் நிறம் மங்கும், ஒட்டிய சின்னங்கள் மஞ்சளாகும்.

2. அலுமாரிக்குள் பூச்சி உருண்டை போடாதீர்கள். நப்தலின் ஆவி இந்த வகைப் பிளாஸ்டிக்கை இளக்கும். ஈரத்துக்குச் சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பக்கட் போதும்.

3. கூரையில் நூல் கட்டித் தொங்கவிடாதீர்கள். பார்க்க அழகு, ஆனால் ஃபேன் கிளப்பும் தூசியெல்லாம் அதில்தான்.

4. துப்புரவாக்க, பெயின்ட் படாத புது மென்மையான அகலப் பிரஷ். முகத்துக்குப் பவுடர் பூசும் பிரஷ் மிக நல்லது. மூக்கிலிருந்து வாலுக்கு, மேலிருந்து கீழே, அழுத்தாமல். கமெரா லென்ஸுக்கு ஊதும் ரப்பர் பந்து இருந்தால் இடுக்குகளுக்கு அதுவே போதும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும்.

5. ஒட்டிப்போன அழுக்குக்கு, பஞ்சுக்குச்சியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, தேவையென்றால் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி சேர்த்து, மெல்ல ஒற்றி எடுங்கள். தின்னர், ஸ்பிரிட், கண்ணாடி துடைக்கும் ஸ்பிரே எதுவும் வேண்டாம். தூசியோடு பெயின்டும் வந்துவிடும்.

6. தூக்கும்போது செட்டை நுனியையோ வாலையோ பிடிக்காதீர்கள். செட்டையும் உடலும் சேரும் இடத்தில், கீழிருந்து, இரண்டு கையால்.

மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமைக் காலை, அரை மணித்தியாலம் போதும். இதைப் பிள்ளையே செய்யட்டும். உம்மா பக்கத்தில் இருந்து "இது என்ன பிளேன் மகன்?" என்று ஒரு கேள்வி மட்டும் கேட்கட்டும். அந்த ஒரு கேள்வி ஒரு பிள்ளையை எவ்வளவு நிமிர்த்தும் என்று நாங்கள் தினமும் வகுப்பில் பார்க்கிறோம்.

இரத்மலானையில் விமானப்படை அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே பழைய விமானங்களை வைத்துப் பராமரிக்கிறார்கள். சுற்றுலா போனால் டிக்கட் எடுத்து வரிசையில் நின்று, "மாஷா அல்லாஹ், எப்படி வைத்திருக்கிறாங்க" என்று வியக்கிறோம். அதே வேலையை நமது வீட்டுக்குள் ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை செய்தால் அது குப்பையாம்.

டீ செட்டை எடுத்துக் குசினியில் வையுங்கள், விருந்தாளி வந்தால் அதில் தேநீர் கொடுங்கள், அது அதற்காகத்தான் செய்தது. காலியான தட்டைப் பிள்ளைக்குக் கொடுங்கள். இந்த நோன்புத் துப்புரவில் ஒரு விமானமும் குப்பைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வோம், இன்ஷா அல்லாஹ்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கீழே எழுதுங்கள், பேசுவோம். உடன்படுபவர்கள் உங்கள் குடும்பக் குழுமங்களில் பகிருங்கள், ஒட்டறைக் கம்பைக் கையில் எடுக்குமுன்.