ஃப்ரெண்ட் இல்லாத கோச்!

கோச்சை மாத்தினா டீம் ஜெயிச்சுடுமா பாஸ்? இங்கிலாந்து கால்பந்து மேனேஜர் பிரையன் கிளஃப் கதையைக் கேளுங்க.

டெர்பி கவுன்டி அணியை 1972-ல லீக் சாம்பியன் ஆக்கினவர். 1974-ல அப்போதைய சாம்பியன் லீட்ஸ் யுனைடெட்டுக்குப் போனார். அந்த டீமைத்தான் முன்னாடி கன்னாபின்னானு திட்டியிருந்தார்! வீரர்கள் ஒட்டவே இல்லை. எப்பவும் பக்கத்துல இருக்கிற உதவியாளர், உயிர் நண்பர் பீட்டர் டெய்லரும் இந்தமுறை கூட வரலை. 44 நாள்தான்... சீட்டைக் கிழிச்சுட்டாங்க!

அடுத்து, இரண்டாம் டிவிஷன்ல கிடந்த நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட். 1976-ல டெய்லர் வந்து சேர்ந்தார். 1978-ல லீக் சாம்பியன். 1979, 1980... ரெண்டு வருஷமும் ஐரோப்பியக் கோப்பை!

1982-ல டெய்லர் கிளம்பினார். அடுத்த வருஷம் டெர்பி மேனேஜரா இருந்து, ஃபாரஸ்ட் வீரர் ஜான் ராபர்ட்சனை கிளஃப்கிட்ட சொல்லாமலே வாங்கிட்டார். அதோட பேச்சு கட். 1990-ல டெய்லர் இறக்கும்வரை கட்!

டெய்லர் போனபிறகு கிளஃப் லீக் பட்டம் ஜெயிக்கவே இல்லை. 1993-ல ஃபாரஸ்ட் பிரீமியர் லீகிலிருந்து இறங்கிய சீசனோடு ஓய்வு பெற்றார். 2005-ல அந்த டீம் மூன்றாம் டிவிஷனுக்கே போச்சு. அங்கிருந்து பிரீமியர் லீகுக்கு வர 2022 ஆச்சு.

டெர்பி மைதானத்துக்கு வெளியே இப்போ ரெண்டு பேரும் சேர்ந்து நிற்கிற சிலை இருக்கு. சிலைங்க பேசிக்காது பாஸ். நீங்க பேசாம இருக்கிற அந்த பெஞ்ச்மேட்டுக்கு இன்னிக்கே ஒரு போன் போடுங்க!