பன்னாட்டுக் கம்பெனியும் பழவேற்காடும்

'பன்னாட்டு' என்னும் அடைமொழி இக்காலத்தில் கம்பெனிகளுக்கும் வழங்குகிறது, சேனைகளுக்கும் வழங்குகிறது. சொல் ஒன்றாயினும் பொருள் வேறு. ஐக்கிய நாடுகள் சபையின் அமைதிப் படையைப் பன்னாட்டுப் படை என்பது, பல தேசங்கள் தத்தம் சம்மதத்தின் பேரில் துருப்புகளை அனுப்புவதால். அதில் நம் சிப்பாய் நீலக் குல்லாய் தரித்தாலும் நம் தேசத்துச் சிப்பாயே; தேசம் அழைத்தால் திரும்பிவிடுவான். பன்னாட்டுக் கம்பெனியிலோ பல தேசங்களின் சம்மதம் கூடுவதில்லை. உத்தரவு பிறக்கும் இடம் ஒன்றே. அது செல்லுபடியாகும் நிலங்களே பல.

வியாபாரமும் சேனையும் ஒரே கையில் சேர்ந்தால் யாது விளையும் என்பதற்குப் பழவேற்காடே சாட்சி. 1602-ல் தோன்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கோட்டை கட்டவும், சிப்பாய்களை வைக்கவும், அரசர்களோடு உடன்படிக்கை செய்யவும் அத்தேசத்துச் சர்க்காரே சாசனம் தந்திருந்தது. அதன் சிப்பாய்களில் ஜெர்மானியர் முதலிய பிற தேசத்தாரும் அநேகர். 1613-ல் இவ்வேரிக்கரையில் கெல்டிரியாக் கோட்டை எழுந்தது. இங்கே வாங்கிய துணியைக் கொண்டு கீழ்த்திசைத் தீவுகளில் ஜாதிக்காயும் கிராம்பும் கொண்டனர். துணியோடு நின்றார்களா? வெடிமருந்து செய்தனர், மனிதரை அடிமைகளாகக் கப்பலேற்றிப் பட்டேவியாவுக்கு அனுப்பினர். யாவும் வர்த்தகம் என்ற பெயராலேயே நடந்தன! 1799-ல் கம்பெனி மடிந்தது. 1825-ல் ஊர் ஆங்கிலேயர் வசமாயிற்று. டச்சுக்காரரின் கல்லறைகளைத் தொல்பொருள் இலாகா இன்றும் கருத்தாய்க் காத்துவருகிறது.

இப்பொழுது ஏரிக்குத் தெற்கே காட்டுப்பள்ளியைப் பாருங்கள். அங்குள்ள கப்பல் தளம் லார்சன் அண்டு டூப்ரோவினுடையது. 1938-ல் இரண்டு டென்மார்க் தேசத்தார் பம்பாயில் தொடங்கி, இன்று இந்தியக் கம்பெனியாக விளங்குவது. 2022 ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படையின் 'சார்லஸ் ட்ரூ' என்னும் கப்பல் அத்தளத்துக்குப் பழுதுபார்க்க வந்தது. அக்கடற்படைக் கப்பலொன்று இந்தியாவில் பழுதுபார்க்கப்பட்டது அதுவே முதன்முறை. அருகிலுள்ள துறைமுகத்தை 2018-ல் அதானி கம்பெனி வாங்கியது. அக்கம்பெனிக்கு ஹைஃபாவிலும் கொழும்பிலும் பங்குண்டு.

இவை கெல்டிரியாவின் மறுபிறப்பு என்று நாம் கூறவில்லை. இன்றைய கம்பெனிக்குப் பீரங்கி இல்லை. நமக்கோ குடியரசும் நீதிமன்றமும் உள்ளன. முதலாளி இந்தியராயின் கவலையில்லை என்பாரோடும் நமக்கு உடன்பாடில்லை. சுமார் 330 ஏக்கர்த் துறைமுகத்தை 6,000 ஏக்கருக்கு மேல் விரிக்கும் யோசனையை மீனவர் எதிர்த்து வந்திருப்பது முதலாளியின் ஜாதகம் பார்த்தன்று. கரை அரிக்கும், முகத்துவாரம் தூரும், இறால் வரத்து குன்றும் என்பதே அவர்களுடைய அச்சம். எந்த வலை எந்நாளில் எவ்விடத்தில் விழவேண்டும் என்பதைப் 'பாடு' முறையால் தமக்குள் வகுத்துக்கொண்ட ஜனங்கள் அவர்கள். துறைமுகக் கம்பெனிக்கு இத்துறை போனால் வேறு துறை; இவர்களுக்கு ஏரி ஒன்றே.

ஆகவே இத்தகைய விஸ்தரிப்பு எதுவாயினும், சட்டம் விதித்த பொது விசாரணையைப் பழவேற்காட்டிலேயே நடத்தவேண்டும். ஆய்வறிக்கை முழுவதையும் முன்கூட்டியே தமிழில் தரவேண்டும். பாடு வகுக்கும் கிராமத்தாரின் வாக்குமூலத்தை எழுத்தில் பதியவேண்டும்.