சன்ரூஃப் ஒழுகினால் சிலிக்கன் பூசாதீர்கள்

முதல் மழைக்கே எங்கள் காரின் காலடி விரிப்பில் தண்ணீர். கராஜில் சன்ரூஃப் கண்ணாடியைச் சுற்றி சிலிக்கன் பூசிக் காசு வாங்கினார்கள். அடுத்த மழைக்கும் அதே கதை.

சன்ரூஃப் றப்பர் முழு நீரையும் தடுக்கவென்று செய்யப்பட்டதல்ல. உள்ளே இறங்கும் நீரை ஒரு பீலி ஏந்தி, மூலைகளிலுள்ள மெல்லிய குழாய்களால் கீழே விடும். ஜும்ஆவுக்குப் போய் வேப்பமரத்தடியில் நிற்பாட்டுகிறோமே, அந்தச் சருகுதான் குழாயை அடைக்கிறது. வீட்டுப் பீலியை மட்டும் மாரிக்கு முன் துப்புரவாக்குவோம்!

2020இல் நின்ற கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. யாழ்ப்பாணத்தில் நம்மில் பலர் ஓட்டுவது பழைய கார். ஐப்பசிக்கு முன் மூலையில் ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சில்லுப் பக்கம் வடிந்தால் சரி. இல்லையென்றால் தடித்த தங்கூசியை மெல்ல விட்டு எடுங்கள். கொம்பிரஷர் காற்றை வேகமாக அடிக்க விடாதீர்கள். குழாய் உள்ளே கழன்றால் வயரிங்கும் நனையும்.