மீன் செத்தால் திருஷ்டி கழியுமா?

சமீபத்தில் பண்டசோழநல்லூரில் ஒரு நண்பர் வீட்டிற்குப் போயிருந்தோம். கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. அதில் தண்ணீர்தான் இருந்ததேயொழிய மீன் இல்லை. விசாரித்ததில், கடையிலிருந்து வாங்கி விட்ட பத்து மீன்களும் பத்து நாளைக்குள் செத்துப் போயினவாம். அதற்காக வீட்டார் வருத்தப்படவில்லை. "நமக்கு வரவிருந்த கண்டத்தை மீன் வாங்கிக்கொண்டு போய்விட்டது" என்று சந்தோஷப்பட்டார்கள். அடுத்த பத்து மீனுக்கும் பணம் தயாராக இருந்தது.

தோழர்களே! மீன் ஏன் செத்தது என்று யோசித்துப் பார்க்க வேண்டாமா? குடிநீரில் நோய்க் கிருமிகளைக் கொல்லக் குளோரின் கலக்கிறார்கள். நமக்கு நன்மை செய்கிற அந்தக் குளோரின் மீனின் செவுளைப் புண்ணாக்குகிறது. அதற்குத் தப்பிய மீனும், தன் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியா என்ற நஞ்சிலேயே நீந்த வேண்டியிருக்கிறது. குளத்து மீன் இப்படிச் சாகவில்லையே, ஏன்? அங்கே ஒருவகைப் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக்குகிறது. மற்றொரு வகை அதை நைட்ரேட்டாக்குகிறது. முதலிரண்டும் கொடிய நஞ்சு. கடைசியில் உண்டாவது அவ்வளவு கெடுதலில்லை. ருஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி 1890ஆம் ஆண்டையொட்டியே இவற்றைப் பிரித்தெடுத்துக் காட்டிவிட்டார். புதுத் தொட்டியில் இவை பெருக நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அப்படியானால் பத்து நாளில் செத்த மீனுக்குக் காரணம் திருஷ்டியா, நம் அவசரமா?

நிற்க, இதைக் கேட்ட சிலர் கடைக்கு ஓடி, வாட்டர் கண்டிஷனர் ஒரு புட்டியும் பாக்டீரியா ஒரு புட்டியும் வாங்கித் தீர்த்தம்போல் தெளிக்கிறார்கள். தாயத்துப் போய்ப் புட்டி வந்துவிட்டால் அது பகுத்தறிவாகிவிடுமா? கண்டிஷனரில் சாதாரணமாகச் சேர்க்கப்படும் சோடியம் தியோசல்பேட் குளோரினை முறிக்குமேயல்லாது மீனின் கழிவை நீக்காது. பாக்டீரியாப் புட்டியில் உள்ளவை உயிரோடிருந்தால்தான் பயன். குளோரினை முறிக்காமல் அவற்றை ஊற்றுவது, வேலைக்கு ஆளைக் கூப்பிட்டு அவனுக்கே விஷம் வைப்பதாகும்.

வடிகட்டிப் பஞ்சில் வழுவழுப்பாகப் படிந்திருப்பதை அழுக்கென்று குழாயடியில் கசக்கி விடுகிறார்கள். தொட்டியைத் துப்புரவு செய்கிற பாக்டீரியா குடியிருப்பதே அங்கேதான். துப்புரவு செய்கிறவனையே தீட்டென்று ஒதுக்கிப் பழகிய நாட்டில் இது ஆச்சரியமல்ல. பஞ்சை, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். ஒன்றிரண்டு மீனோடு ஆரம்பியுங்கள். வாரம் கால்பங்குத் தண்ணீரை மட்டும், குளோரின் போக்கி மாற்றுங்கள்.

புட்டியின்மேல் எழுதியிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். நாம் சொல்வதையும் நம்ப வேண்டாம். அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் அளக்கும் சோதனைச் சொட்டுகள் கடையில் விற்கின்றன. அளந்து பாருங்கள். இரண்டும் இல்லையென்று தெரிந்த பிறகு மற்ற மீன்களைக் கொஞ்சங் கொஞ்சமாக விடுங்கள். அதன் பிறகும் உங்கள் கண்டத்தைச் சுமக்க எந்த மீன் சாகிறதென்று பார்ப்போம்!