ஓட்டுப் போட்டு ஜெயித்த வொல்வரின்

சூப்பர்மேனும் ஹல்க்கும் மோதினால் யார் ஜெயிப்பார்கள்? காமிக்ஸ் பிரியர் யாரிடமாவது இதைக் கேட்டுவிட்டால், அன்றைய மற்ற வேலைகளை ஒத்திவைக்க வேண்டியதுதான். 1996-இல் அமெரிக்காவின் இரு பெரும் காமிக்ஸ் நிறுவனங்களான மார்வெலும் டிசியும் கைகோத்து, இந்தக் கேள்வியை வாசகர்களிடமே விட்டன. நான்கு இதழ்களில் முடிந்த ‘டிசி வெர்சஸ் மார்வெல்’ தொடரில் மொத்தம் 11 மோதல்கள். ஆறின் முடிவைப் படைப்பாளிகள் வைத்துக்கொண்டார்கள். மீதி ஐந்தையும் வாசகர் ஓட்டு தீர்மானித்தது.

அந்தத் தொடரும், அதிலிருந்து கிளைத்த ‘அமால்கம்’ கதைகளும் (பேட்மேனையும் வொல்வரினையும் ஒரே ஆளாக்கிய ‘டார்க் கிளா’ போன்றவை) 2024-இல் ஒரு தடித்த தொகுப்பாக மறுபடி அச்சேறின. 1976 முதல் வந்த பிற கூட்டுக் கதைகளுக்கு இன்னொரு தொகுப்பு. இரண்டையும் படித்தவர்களிடம் பேசினால் பழைய தகராறு அப்படியே உயிரோடு இருக்கிறது: அந்த ஓட்டு நியாயமானதுதானா?

ஓட்டு எப்படி வந்தது என்று முதலில் பார்க்கலாம். 1993-க்குப் பிறகு அமெரிக்க காமிக்ஸ் வியாபாரம் மளமளவென்று சரிந்தது. கடைகள் மூடின. 1996 டிசம்பரில் மார்வெலே திவால் மனு போட்டது. அந்த நெருக்கடியில் வாசகனைக் கடைக்கு இழுக்க எதையும் செய்யத் தயாராக இருந்தார்கள். கதையை எழுதிய ரான் மார்ஸும் பீட்டர் டேவிடும் திறமைசாலிகள்தான். ஆனால் அவர்கள் கையில் இருந்தது கதை மட்டுமல்ல, பேரமும்கூட. இரண்டு உச்ச நட்சத்திரங்களை ஒரே படத்தில் போட்டால் பாட்டும் சண்டையும் எண்ணிப் பங்கு வைக்க வேண்டுமே, அதே கதை. படைப்பாளிகள் முடிவு செய்த ஆறு மோதல்களில் மார்வெலுக்கு மூன்று, டிசிக்கு மூன்று. டிசியின் அக்வாமேன் திமிங்கிலத்தைக் கொண்டு மார்வெலின் நேமோரை நசுக்கினார். மார்வெலின் தோர், டிசியின் கேப்டன் மார்வெலை வீழ்த்தினார். தராசு முள் அசையவே இல்லை.

அசைத்தது வாசகர்கள். ஹல்க்கை சூப்பர்மேன் வென்றார், கேப்டன் அமெரிக்காவை பேட்மேன் வென்றார். சூப்பர்பாயை ஸ்பைடர்மேனும், வொண்டர் வுமனை ஸ்டோர்மும், லோபோவை வொல்வரினும் வென்றார்கள். மார்வெலுக்கு மூன்று, டிசிக்கு இரண்டு.

இதில் லோபோ விவகாரம்தான் இன்றுவரை ஆறாத புண். லோபோ தன் சொந்த கிரகத்து மக்களையே கொன்று தீர்த்தவன். சூப்பர்மேனுடன் சரிக்குச் சரி நிற்கக்கூடிய முரடன். வொல்வரின் எத்தனை வீரனானாலும் அந்த எடைக்கு ஆள் இல்லை. ஆனால் 1990-களில் அவன் இடம்பெற்ற எக்ஸ்-மென் என்றாலே காமிக்ஸ் கடையில் பண்டிகை. ஓட்டு வொல்வரினுக்கு விழுந்தது. எப்படி ஜெயித்தான் என்று காட்ட வேண்டுமே? இருவரும் மதுக்கடை மேசைக்குப் பின்னால் விழுகிறார்கள். நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. பிறகு வொல்வரின் மட்டும் எழுந்து வருகிறான். ஓட்டுப்பெட்டி முடிவைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. காரணம் கிடைக்காத எழுத்தாளன் வேறெங்கே போவான், மேசைக்குப் பின்னால்தான்.

வாசகர்களிடம் கதையின் முடிவை ஒப்படைப்பது அதற்கு முன்பும் நடந்திருக்கிறது. 1988-இல் பேட்மேனின் துணைவன் ராபினாக இருந்த ஜேசன் டாட் வெடிகுண்டு வெடிப்பில் சிக்கிய இடத்தில் கதையை நிறுத்தி, அவன் பிழைக்க ஒரு தொலைபேசி எண், சாக ஒரு எண் என்று கொடுத்தது டிசி. ஓர் அழைப்புக்கு 50 சென்ட். சாகட்டும் என்று 5,343 பேர், பிழைக்கட்டும் என்று 5,271 பேர் என்று எண்ணப்பட்டது. பேர் என்று சொல்வதுகூடத் தப்பு. அழைப்புகள் என்பதே சரி. ஒருவரே எத்தனை முறையும் அழைக்கலாம். வெறும் 72 அழைப்புகளில் ஒரு பையன் செத்தான். டிசி இரண்டு முடிவுகளையும் முன்கூட்டியே தயாராக வைத்திருந்தது. பின்னாளில் அவனை உயிரோடு திரும்பக் கொண்டுவந்தார்கள் என்பது வேறு விஷயம்.

இப்படிச் சொல்வதால் வாசகர் வாயை மூட வேண்டும் என்கிறேனா? இல்லவே இல்லை. அமெரிக்க காமிக்ஸ் வளர்ந்ததே வாசகர் கடிதங்களால்தான். 1960-களில் டிசியின் ஆசிரியர் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ் கடிதம் எழுதியவர்களின் முழு முகவரியையும் அச்சிட்டார். வாசகர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளத் தொடங்கி, ரசிகர் கூட்டம் என்று ஒன்று உருவானது. மார்வெலில் ஸ்டான் லீ, கதையில் உள்ள ஓட்டையைக் கண்டுபிடித்து அதற்குச் சமாதானமும் சொல்லும் வாசகருக்கு ‘நோ-பிரைஸ்’ என்ற பரிசு அனுப்பினார். உறைக்குள் ஒன்றும் இருக்காது. அந்தக் காலி உறைக்காகத் துப்பறிந்து எழுதியவர்கள்தான் உண்மையான வாசகர்கள் என்பேன். பிட்ஸ்பர்க்கில் ஜிம் ஷூட்டர் என்ற சிறுவன் 13 வயதில் காமிக்ஸைக் கரைத்துக் குடித்து, தானே ஒரு கதையை எழுதி டிசிக்கு அனுப்பினான். அவனே பிற்பாடு மார்வெலின் தலைமை ஆசிரியரானான். 1981-இல் சூப்பர்மேனும் ஸ்பைடர்மேனும் இரண்டாம் முறை சந்தித்த கதையை எழுதினான்.

கர்ட் பியூசிக்கும் அந்த வம்சம்தான். கடிதப் பகுதிகளில் விடாமல் எழுதிய வாசகர் அவர். மாணவராக இருந்தபோதே, செத்துப்போன எக்ஸ்-மென் நாயகி ஜீன் கிரேயை எப்படி நியாயமாகத் திரும்பக் கொண்டுவரலாம் என்று அவர் யோசித்து வைத்திருந்த வழியைத்தான் 1986-இல் மார்வெல் கையாண்டது. 2003-இல் ஓவியர் ஜார்ஜ் பெரஸுடன் சேர்ந்து அவர் எழுதிய ‘ஜேஎல்ஏ/அவெஞ்சர்ஸ்’, என் கணக்கில், இந்த வகையில் வந்த எல்லாவற்றுக்கும் மேல். டிசி நாயகர்கள் மார்வெல் உலகத்துக்கு வந்து, ‘இத்தனை வீரர்கள் இருந்தும் ஊர் இப்படியா கிடக்கும்?’ என்று முகம் சுளிக்கிறார்கள். மார்வெல் நாயகர்கள் டிசி உலகத்துக்குப் போய், அங்கே மக்கள் நாயகர்களைத் தெய்வமாகக் கும்பிடுவதைக் கண்டு சந்தேகப்படுகிறார்கள். இரு தரப்பு ரசிகர்களும் ஆண்டாண்டாக ஒருவரையொருவர் குத்திக்காட்டிய அதே விமரிசனம், பாத்திரங்களின் வாயில் வருகிறது. கருத்து கதையாவது என்றால் இதுதான்.

பேட்மேனும் கேப்டன் அமெரிக்காவும் மோதும் இடத்தை இரண்டு கதைகளிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1996-இல் சாக்கடைச் சுரங்கத்தில் தண்ணீர் புரண்டு வரும் நேரத்தில் பேட்மேன் வீசிய ஆயுதம் கேப்டனின் மண்டையில் படுகிறது. பிறகு பேட்மேனே அவரைக் காப்பாற்றுகிறார். ஓட்டுப்படி ஜெயித்தாக வேண்டும், ஆனால் கேப்டனின் மானமும் போகக் கூடாது. பாவம், எழுத்தாளர் தண்ணீரைத் துணைக்கு அழைத்தார். பியூசிக்கின் கதையில் இருவரும் சில நொடிகள் ஒருவரையொருவர் எடை போடுகிறார்கள். இந்தச் சண்டைக்கு முடிவே இருக்காது என்று இருவருக்கும் புரிகிறது. சண்டையை விட்டு, சேர்ந்து துப்பறியப் போகிறார்கள். இருவரையும் சின்ன வயதிலிருந்து படித்தவனுக்குத்தான் அப்படி எழுதத் தோன்றும்.

நம்மவர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. முத்து, லயன் காமிக்ஸ் வழியே நாம் நெஞ்சில் வைத்த இரும்புக்கை மாயாவி, ஸ்பைடர், சட்டித்தலையன் ஆர்ச்சி மூவரும் பிரிட்டிஷ் நாயகர்கள். அவர்களை ஒரே கதைக்குள் சேர்த்து 2005-இல் ‘ஆல்பியன்’ வெளிவந்தது. கதைக்கரு ஆலன் மூருடையது. எழுதியவர்கள் அவர் மகள் லியா மூரும் ஜான் ரெப்பியனும். வெளியிட்டது டிசியின் கிளை நிறுவனம். கூட்டுக் கதை என்றால் அமெரிக்க நாயகர்கள்தான் என்று நினைப்பவர்கள் தேடிப் படிக்கலாம்.

‘ஜேஎல்ஏ/அவெஞ்சர்ஸ்’ நூலை 2022-இல் ஒரு அறக்கட்டளைக்காக 7,000 பிரதிகள் மட்டும் மறுபடி அச்சிட்டார்கள். பெரஸ் அந்த ஆண்டு மே மாதம் காலமானார். 2025-இல் டெட்பூலும் பேட்மேனும் சந்தித்து, நிறுத்தி வைத்திருந்த கூட்டு மீண்டும் தொடங்கியது. இனி ஆண்டுதோறும் நடந்தாலும் சந்தோஷமே. யார் ஜெயிப்பது என்று மட்டும் யாரிடமும் ஓட்டுக் கேட்க வேண்டாம். கடிதம் கேளுங்கள். எழுத எங்களிடம் நிறைய இருக்கிறது. என்னுடையதை இப்போதே எழுதிவிடுகிறேன்: 1996 கதையில் தோரின் சுத்தியல் வொண்டர் வுமன் கைக்கு வந்தது, தூக்கும் தகுதியும் அவளுக்கு இருந்தது. அதை வைத்துக்கொண்டு ஸ்டோர்மை எதிர்த்தால் நியாயமாகாது என்று அவளே அதை ஒதுக்கிவைத்தாள், தோற்றாள். ஓட்டில் ஸ்டோர்ம் ஜெயித்திருக்கலாம். அந்தச் சண்டையில் ஜெயித்தது வொண்டர் வுமன்தான். மறுப்பவர்கள் காரணத்தோடு வரட்டும்.