ஆலோசகர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும்

நூறு மாணவர்க்குக் குறையாத ஒவ்வொரு கல்வி ஸ்தாபனமும், குழந்தைகளின் மனநலத்தில் பயிற்சி பெற்ற ஆலோசகர், மனோதத்துவ நிபுணர், சமூக ஊழியர் ஆகியோரில் ஒருவரையேனும் அமர்த்த வேண்டுமென்று 2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் கட்டளையிட்டது. 1984-ஆம் வருஷத்துக் குடும்ப நீதிமன்றச் சட்டமும் ஆலோசகருக்கு இடமளித்திருக்கிறது. சட்டம் உண்டு, ஆள் எங்கே?

பவானியையே எடுத்துக்கொள்வோம். ஜமக்காளம் நெய்யும் குழித்தறி வீட்டோடு சேர்ந்தது. கூலி குறைந்தால் தறி மட்டுமா நிற்கிறது? வீட்டில் சச்சரவு மூளுகிறது. குழந்தையின் படிப்பு குலைகிறது. அங்கே சென்று பேச, நெசவின் கஷ்டமும் கொங்குத் தமிழும் அறிந்தவர் வேண்டும். பவானி வாலிபர்களும் யுவதிகளுமே அதற்குத் தகுந்தவர்கள்.

ஆனால், சமூகப்பணியில் முதுகலைப் பட்டம் பெறக் கல்லூரியில் ஐந்து வருஷம் செல்லும். அத்தனை செலவு செய்த நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்குக் கிடைப்பதென்ன? மாவட்டக் குழந்தைப் பாதுகாப்புப் பிரிவுகளில் ஆலோசகர் ஒப்பந்த ஊழியரே. 'சேவை' என்று வாயாரப் புகழ்ந்துவிட்டு வயிற்றைக் காயவிடுவது தர்மமாகாது. அரைப் பட்டினியில் இருப்பவர் பிறர் துயரை எத்தனை நாள் கேட்பார்?

உபாத்தியாயருக்கு ஒப்பான நிரந்தரப் பதவியும் சம்பளமும் ஆலோசகருக்கு அளிப்பது ஸர்க்காரின் கடமை. தேசத் தொண்டர்கள் நகரசபையிலும் சட்டசபையிலும் இதனை விடாது வற்புறுத்துவார்களாக!