முகாமிற் பிறந்த மக்கள்

1983-ஆம் வருஷத்துக் கலவரத்திற்குப் பின் இலங்கையினின்று உயிர் தப்பி வந்த தமிழருக்கு நம் தேசம் இடமளித்தது. உணவும் உதவித்தொகையும் அளித்தது. அதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், அகதிகள் பற்றிய 1951-ஆம் வருஷத்துச் சர்வதேச உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. அகதிகளுக்கெனத் தனிச் சட்டமும் செய்யவில்லை. ஆதலின் சட்டத்தின் முன் அவர்கள் வெறும் அந்நியரே.

பெற்றோர் நிலை அவ்வாறாக, இங்கேயே பிறந்த மக்கள் செய்த குற்றம் யாது? 1987 ஜூலை 1-ஆம் தேதிக்கு முன் இந்நாட்டிற் பிறந்தவர் பிறப்பினாலேயே பிரஜையாவர். தெளிவான இவ்வுரிமையை நிலைநாட்டவும் முகாமிற் பிறந்த பெண்மணி ஒருவர் 2022-இல் மதுரை ஹைகோர்ட்டுக் கிளையின் படியேற நேர்ந்தது! பின்னர்ப் பிறந்தோர்க்கோ, பெற்றோரில் ஒருவரேனும் இந்தியராயிருந்தாலன்றி, அவ்வழியும் அடைபட்டது. 2019-ஆம் வருஷத்துப் பிரஜாவுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கையின் பெயரில்லை. தமிழ்நாட்டுப் பள்ளியிற் படித்து, இலங்கையைக் கண்ணாலுங் கண்டிராதவரை அந்நியரென்பது எந்த நியாயம்? இவர்களுக்கும் பிரஜாவுரிமை அளிக்கப் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்த வேண்டும்.